துட்டும் சேதுக்காசும்: பழங்காசின் விலையும் மதிப்பும்

பொருளை வாங்குதற்கெனப் பிறந்தது காசு. அரசு மாறி, அச்சும் மாறி, வழக்கொழிந்த பின்னர் அக்காசே விலைக்கு வாங்கப்படும் பொருளாகின்றது. வழக்கில் இருந்த காலத்தில் அதன் பெறுமதியை அரசன் ஆணை வரையறுத்தது. வழக்கொழிந்த காலத்தில் வாங்குவோன் விருப்பமும் விற்போன் அறிவும் அதனை வரையறுக்கின்றன. விற்போன் அறியாததை வாங்குவோன் அறிந்திருப்பின் காசு மலிவாகக் கைமாறும். வாங்குவோன் அறியாததை விற்போன் அறிந்திருப்பின் வெறுஞ் செம்புத் துண்டும் பொன்விலை பெறும். பழங்காசு வாணிகத்தின் இலாப நட்டம் யாவும் இவ்விரு நிலைகளுள் அடங்கும்.

இவ்வாணிகம் முன்னர் கன்னார் பட்டறையிலும், தட்டார் தெருவிலும், நகரத்துப் பழம்பொருட் கடையிலும் நிகழ்ந்தது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஈபே என்னும் இணையவழி ஏலக்கடை தோன்றிய பின்னர் அது உலகம் முழுவதையும் ஒரே சந்தையாக்கிக் கொண்டது. இன்று புங்குடுதீவின் இறுப்பிட்டியிற் பிறந்து கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ வாழும் ஒருவர், தம் மூதாதையர் கையிற் புழங்கிய காசினைத் தம் வீட்டு மேசையில் இருந்தவாறே விலைபேசி வாங்குதல் கூடும். அவ்வாறு வாங்குவோர் மலிவாகப் பெறும் வழி யாது, ஏமாறாதிருக்கும் வழி யாது, அம்மலிவின் பொருட்டு வரலாறு கொடுக்கும் விலை யாது என்னும் மூன்றும் ஈண்டு ஆராயப்படும்.

தீவகத்திற் காசு வந்த வழி

யாழ்ப்பாணத்தின் மேற்கே கிடக்கும் தீவுகள் கடல்வழியின் ஓரத்தே அமைந்தவை. ஊர்காவற்றுறை பண்டைக் காலத்தில் ஊராத்துறை எனப் பெயர் பெற்றுப் பிறநாட்டு வணிகர் கூடும் துறையாய் விளங்கியது. இதற்குச் சிறந்த சான்று நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்ச் சாசனமாகும். கி. பி. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தாங்கிய இச்சாசனத்தைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறைக்கு வருதல் வேண்டும், அவர்க்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டும் என்று அது விதிக்கின்றது. யானை குதிரை ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும், பிற சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் உரியன என்றும் அது பங்கு வகுக்கின்றது. ஒரு துறையில் இத்துணை நுணுக்கமாகப் பங்கு வகுக்க வேண்டியிருந்ததெனில், அங்கு வந்திறங்கிய செல்வத்தின் அளவு ஒருவாறு உய்த்துணரப்படும்.

வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் 1977ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஆய்வு சீனத்துச் சொங் வமிசக் காலத்து மட்கலங்களை வெளிப்படுத்தியது. 2018ஆம் ஆண்டில் சாங்காய் அரும்பொருட்சாலையைச் சேர்ந்த ஆய்வாளரும் அங்கு அகழ்வு நடத்தினர். சரக்கு வந்த இடத்திற்குக் காசும் வரும் என்பது இயல்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கந்தரோடையிற் பொறி குத்திய பழங்காசுகளும், இலக்குமி உருவந் தாங்கிய தகடுகளும், உரோமர் காசுகளும் பெறப்பட்டன. 1917ஆம் ஆண்டிலும் 1919ஆம் ஆண்டிலும் இவற்றை விரிவாக எடுத்துரைத்தவர் போல் ஈ. பீரிஸ் ஆவர்.

சோழப் பேரரசன் முதலாம் இராசராசன் வெளியிட்ட செப்புக் காசில் ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் இருக்கும் உருவமும் உண்டு. இவ்வமைப்பினைப் பொலன்னறுவை மன்னரும் அவர்க்குப் பின் வந்தோரும் ஏற்றுக் கொண்டனர். பராக்கிரமபாகு, லீலாவதி, சாகசமல்லன், புவனேகபாகு முதலியோர் பெயர்களை நாகரி எழுத்திற் பொறித்து வந்த ஏறத்தாழ 4 கிராம் நிறையுள்ள காசுகள் இலங்கையெங்கும் மிகுதியாகக் கிடைப்பன. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளும் இம்மரபின் வழிநின்றே ஒருபுறம் நிற்கும் மனித உருவத்தைப் பொறித்தனர். ஆயின் மறுபுறம் படுத்திருக்கும் நந்தியையும், அதன் மேற் பிறையையும், கீழே தமிழ் எழுத்திற் ‘சேது’ என்னும் மங்கலச் சொல்லையும் வைத்துத் தம் காசினைத் தனித்து விளங்கச் செய்தனர்.

துட்டும் முதல் மலிவு வாணிகமும்

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அவர்கள் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டு வழங்கினர். நெடுந்தீவு டெல்ப்ற் என்றும், வேலணைத் தீவு லெய்டன் என்றும், நயினாதீவு ஹார்லெம் என்றும், புங்குடுதீவு மிடெல்பேர்க் என்றும் பெயர் பெற்றன. நெடுந்தீவின் பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றுவரை நிலைத்தது.

மிடெல்பேர்க் என்பது ஒல்லாந்து தேசத்தின் சீலாந்து மாகாணத்துத் தலைநகர். அம்மாகாணத்தின் அக்கசாலை இருந்த ஊரும் அதுவே. அலையினின்றும் எழும் சிங்கத்தைச் சின்னமாகக் கொண்ட சீலாந்துத் துட்டுகள் அங்கே அடிக்கப்பட்டுக் கீழைத்தேசத்துக்குக் கப்பலேறின. மிடெல்பேர்க் என ஒல்லாந்தர் பெயரிட்ட தீவில், மிடெல்பேர்க் நகரத்தில் அடித்த காசு புழங்கிய பொருத்தம் நோக்கத்தக்கது. தமிழில் வழங்கும் ‘துட்டு’ என்னுஞ் சொல் ஒல்லாந்தரின் ‘டொயிற்’ என்னும் காசுப் பெயரின் திரிபேயாம். ‘கையிலே துட்டு இல்லை’ என்று பேசுவோர் அக்கும்பனியின் பெயரை அறியாமலே அதன் காசினை நாவில் ஏந்தி வருகின்றனர்.

காசினை மலிவாக வாங்கும் கலைக்கு இத்துட்டே பழைய உதாரணமும் ஆகும். ஒல்லாந்து தேசத்தில் 8 துட்டு ஒரு ஸ்ரைவருக்குச் சமம். கீழைத்தேசத்திலோ 4 துட்டே ஒரு ஸ்ரைவராகச் செலாவணியாயிற்று. தாய்நாட்டில் வாங்கிய துட்டு கடல் கடந்தவுடன் இருமடங்காயிற்று. மாலுமிகளும் கும்பனி ஊழியரும் இதனை அறிந்து துட்டுகளைக் களவாகக் கப்பலில் ஏற்றினர். அவ்விலாபம் பிறர் கைக்குப் போவதைத் தடுத்துத் தனக்கே உரித்தாக்கிக் கொள்ளும் பொருட்டுக் கும்பனி 1726ஆம் ஆண்டு முதல் தன் பெயரின் மூன்று எழுத்துக்களையும் பின்னிய முத்திரையோடு தனித் துட்டுகளை வெளியிடலாயிற்று. இன்று உலகெங்கும் சேகரிப்போர் தேடும் அம்முத்திரைத் துட்டு, ஓரிடத்தின் மலிவை மற்றோரிடத்தின் விலையாக மாற்றிய மக்களின் சாமர்த்தியத்தினால் விளைந்தது.

செப்புக்குப் பஞ்சம் நேர்ந்தபோது ஒல்லாந்தர் இலங்கையிலேயே காசு அடித்தனர். கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருக்கோணமலை ஆகிய இடங்களுக்குரிய எழுத்தினைத் தாங்கிய தடித்த ஸ்ரைவர்கள் வெளிவந்தன. அவற்றுள் யாழ்ப்பாணத்துக்குரியது ‘ஐ’ என்னும் உரோம எழுத்தைப் பெற்றது. 1785ஆம் ஆண்டில் யப்பானியச் செம்புக் கம்பிகளையே துண்டாக்கி முத்திரையிட்டு நாலேமுக்கால் ஸ்ரைவர் மதிப்பில் விட்டனர். அழகற்ற இத்துண்டுகளைச் செம்பு என்றெண்ணி உருக்கினோர் பலராதலின், எஞ்சியவை இக்காலத்தில் அருமை பெற்றன.

பெயரறியாது கிடந்த காசு

ஒரு காசின் விலையை அதன் உலோகமும் நிலையும் ஓரளவே தீர்மானிக்கும். அதன் பெயர் அறியப்பட்டதா என்பதே பெரும்பான்மையும் தீர்மானிக்கும். இதனை நன்கு விளக்குவது சேதுக்காசின் வரலாறாகும்.

‘சேது’ என்னுஞ் சொல் பொறித்த காசுகள் யாழ்ப்பாணத்திலும் இலங்கையின் பிற பகுதிகளிலும் நெடுங்காலமாகக் கிடைத்து வந்தன. முற்கால ஆராய்ச்சியாளர் அச்சொல்லைக் கண்ட அளவில், சேதுவைக் காத்த இராமநாதபுரச் சேதுபதிகளுடைய காசுகள் அவை எனக் கருதினர். அரசர்க்குத் தனி நாணயம் இருந்ததென்பதே மறக்கப்பட்டமையால், யாழ்ப்பாண மண்ணிற் கிடந்த யாழ்ப்பாணக் காசு அயல்நாட்டுக் காசாக எண்ணப்பட்டது. இந்நிலையை மாற்றியவர் சுவாமி ஞானப்பிரகாசர் ஆவர். 1920ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட நாணயங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, அக்காசுகள் ஆரியச்சக்கரவர்த்திகளுக்கு உரியன என்பதை நிறுவியது. கோட்டகமையிற் கிடைத்த தமிழ்ச் சாசனம் சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைக் கூறுவது; அதன் தலைப்பிலும் ‘சேது’ என்னும் மங்கலச் சொல் காணப்படுதல் இம்முடிபுக்கு அரண் செய்தது. 1924ஆம் ஆண்டில் இலங்கை நாணயங்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட எச். டபிள்யு. கொட்றிங்ரனும், 1926ஆம் ஆண்டில் பண்டைய யாழ்ப்பாணம் பற்றி நூல் செய்த முதலியார் செ. இராசநாயகமும் இவ்விடயத்தை மேலும் ஆராய்ந்தனர். பிற்காலத்திற் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இலங்கைத் தமிழரின் பண்டைய நாணயங்களைத் தனித்து ஆராய்ந்து எழுதினார்.

ஞானப்பிரகாசர்க்கு முன்னும் பின்னும் காசு ஒன்றே, செம்பும் ஒன்றே. மாறியது அதனைப் பற்றிய அறிவு. முன்னர் அது பெயரறியாச் செப்புக் காசு; பின்னர் ஓர் அரசின் இறைமைக்குச் சான்று. யாழ்ப்பாண அரசர் விட்டுச்சென்ற சாசனங்கள் மிகச் சில. அவ்வரசரைப் பற்றிக் கூறும் வைபவங்கள் பிற்காலத்தில் எழுந்தவை. ஆகவே அவர்தம் கையினின்றும் நேரே வந்த சான்றாக இச்சிறு காசுகள் பெறும் இடம் பெரிது.

வாங்கியோர் செய்த தொண்டு

காசு வாங்கிச் சேர்ப்போரைப் பொழுதுபோக்குவோர் என்று இகழ்தல் பொருந்தாது. தென்னிந்திய நாணயவியல் வளர்ந்தது பெரும்பாலும் அவர் கையினாலேயே. 1886ஆம் ஆண்டில் வால்ற்றர் எலியற்றின் தென்னிந்திய நாணய நூல் வெளிவந்தது. 1889ஆம் ஆண்டில் சென்னையில் இராணுவப் பணிபுரிந்த ரவ்னெல், தென்னிந்தியாவிற் காசு சேகரிப்போர்க்குரிய குறிப்புகளைத் தனி நூலாகவே எழுதினார். காசு தேடுவோர்க்குக் கைந்நூல் வேண்டிய அளவுக்கு அக்காலத்திலேயே இம்முயற்சி பரவியிருந்தமை இதனாற் புலனாகும்.

இவற்றினும் சிறந்த உதாரணம் அண்மைக் காலத்தது. சங்ககாலத்துத் தமிழ் வேந்தர் தமக்கெனக் காசு வெளியிட்டிலர் என்பது நெடுங்காலம் அறிஞர் பலர் கொள்கையாயிருந்தது. தினமலர் நாளிதழின் ஆசிரியராய் விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில், விலைக்கு வாங்கிய பழங்காசுகளைத் தூய்மை செய்து ஆராய்ந்தபோது, ‘பெருவழுதி’ என்னும் பாண்டியன் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் தாங்கிய செப்புக் காசினைக் கண்டறிந்தார். பின்னர் ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’, ‘கொல்லிப்புறை’ முதலிய சேரர் காசுகளும் அறியவந்தன. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்துக் காசு தேடியோர் இவற்றுட் பலவற்றை வெளிக்கொணர்ந்தனர். நெடுங்காலமாக நிலைபெற்ற ஒரு கொள்கையை விலைக்கு வாங்கிய ஒரு செப்புக் காசு மாற்றிவிட்டது. வாங்கியவரிடம் எழுத்தறிவு இல்லாதிருந்தால் அக்காசு மீண்டும் குப்பையிற் சேர்ந்திருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. இலங்கையின் தென்பாகத்தில் திசமகாராமையை அடுத்த அக்குறுகொடையில் எண்ணற்ற காசுகள் மக்களால் தோண்டி எடுக்கப்பட்டுக் கைமாறின. அவற்றை ஒஸ்மண்ட் போபேஆராச்சியும் ராஜா விக்கிரமசிங்கவும் 1999ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். அவற்றுள் பிராமி எழுத்திற் பெயர் பொறித்த ஈயக் காசுகள் தமிழர் வரலாற்றுக்கு மிகவும் இன்றியமையாதன. அவற்றின் வாசகங்கள் தமிழ் எனத் தமிழறிஞர் எடுத்துக்காட்டினர். ஆயின் முறையான அகழ்வில் அவை பெறப்படாமையால், எந்த மண்படையில் எப்பொருளோடு கிடந்தன என்பது அறியவியலாதாயிற்று. எழுத்தின் வடிவத்தைக் கொண்டே காலத்தை மதிப்பிடும் நிலை ஏற்பட்டது. காசு தப்பியது, அதன் காலம் தப்பவில்லை.

இணையவழி ஏலத்தில் மலிவு பிறக்கும் இடங்கள்

இனி, இக்காலத்தில் இணையவழி வாங்குவோர் மலிவாகப் பெறும் வழிகளை நோக்குவாம். மலிவு தற்செயலாக வருவதன்று. அது பிறக்கும் இடங்கள் சில உண்டு.

முதலாவது, பெயர்ப் பிழை. பிறநாட்டு விற்பனையாளர் பலர் தமிழ் எழுத்தை வாசிக்க அறியாதவர். சேதுக்காசினைச் சோழர் காசு என்றும், சேதுபதி காசு என்றும், ‘இந்தியப் பழங்காசு’ என்றும் அவர் எழுதி வைப்பதுண்டு. நந்தியின் கீழ் உள்ள இரண்டு எழுத்தை வாசிக்க வல்லார்க்கு அப்பிழையே இலாபமாகும். நாகரி அறிந்தோர்க்குப் பொலன்னறுவைக் காசுகளில் இதே நன்மை உண்டு. சுவாமி ஞானப்பிரகாசர் காலத்தில் ஆராய்ச்சியாளரிடையே நிலவிய மயக்கம் இன்று ஏலக்கடையில் எஞ்சி நிற்கின்றது.

இரண்டாவது, குவியல் விற்பனை. தனித்தனியே ஆராய்ந்து பெயரிட நேரமில்லாத வணிகர் ஐம்பது நூறு காசுகளை ஒருங்கே விற்பர். அவற்றின் சராசரி விலை குறைவு. ஆயின் குவியலின் படத்தை நுணுகி நோக்காது வாங்குவோர் தேய்ந்தொழிந்த செம்பையே பெறுவர். இரண்டொரு காசேனும் அடையாளங் காணத்தக்கதாய் இருத்தல் வேண்டும். அவற்றின் விலையே முழுக் குவியலின் விலைக்கும் ஈடாகுமாயின் துணிந்து வாங்கலாம்.

மூன்றாவது, மிகுதி. அருமையான காசுக்கு மட்டுமே வரலாற்றுப் பெருமை உண்டு என எண்ணுதல் தவறு. ஒல்லாந்தர் துட்டுகள் இலட்சக்கணக்கில் அடிக்கப்பட்டமையால் இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. பராக்கிரமபாகு, சாகசமல்லன் காசுகளும் அத்தகையன. சாகசமல்லன் அரசேறியது கி. பி. 1200இல் என்பது திட்டமாக அறியப்பட்டது. அத்துணைத் தெளிவான காலத்தையுடைய காசினை ஒரு மாணவன் சிறு செலவிற் பெறுதல் கூடும் எனின், அதனினும் நல்ல மலிவு வேறில்லை.

நான்காவது, ஏலம் முடியும் வேளை. பிறர் உறங்கும் நேரத்தில் முடியும் ஏலத்தில் போட்டி குறையும். எனினும் ஏலம் கேட்போர் முன்னரே தம் உச்ச விலையை வரையறுத்துக் கொள்ளுதல் வேண்டும். போட்டியின் வேகத்தில் மேலும் மேலும் கேட்டு வென்றவர் பலர், மறுநாளே அக்காசு வேறிடத்திற் குறைந்த விலைக்குக் கிடப்பதைக் கண்டு வருந்துவர். தபாற் கட்டணம், சுங்கவரி, ஏலக்கடையின் பங்கு ஆகியவற்றையும் கூட்டிய பின்னரே ஒரு காசு மலிவா அன்றா என்பது தெளியப்படும்.

இவை யாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. காசினை வாங்குமுன் காசு பற்றிய நூலை வாங்குதல் வேண்டும். நூலுக்குச் செலவிடும் பணம் முதல் ஏமாற்றத்திலேயே மீண்டுவிடும்.

போலிகளும் வஞ்சனைகளும்

மலிவு தேடுவோரையே வஞ்சகர் தேடுவர். போலிக் காசுகளுள் மிகுதியானவை அச்சு வார்ப்பினாலானவை. உண்மைக் காசினைக் களிமண்ணிலோ பிறிதொன்றிலோ பதித்து எடுத்த அச்சில் உலோகத்தை உருக்கி ஊற்றுவர். அவ்வாறு வார்த்த காசின் எழுத்து விளிம்பு கூர்மையின்றி மழுங்கியிருக்கும். மேற்பரப்பில் காற்றுக் குமிழியின் சிறு குழிகள் காணப்படும். ஓரத்தைச் சுற்றி இரு பாதிகளும் பொருந்திய கோடு தெரியும். நிறையும் வேறுபடும். ஒரே விற்பனையாளரிடம் ஒரே தழும்பும் ஒரே உடைவும் உடைய இரு காசுகள் காணப்படின் ஐயத்துக்கு இடமில்லை. சுத்தியலால் அடித்த காசுகளில் ஒன்றுபோல் மற்றொன்று முற்றும் இருத்தல் இயலாது. ஆதலின் நிறை, விட்டம், இருபுறப் படம், ஓரத்துப் படம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறாது விலை கொடுத்தல் ஆகாது. இவற்றைத் தர மறுக்கும் விற்பனையாளரை விட்டு விலகுதல் நன்று.

வேறு சில காசுகள் எக்காலத்திலும் செலாவணியில் இருந்திராதன. இராமர், அனுமன், இலக்குமி முதலிய தெய்வ உருவங்களோடு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியின் பெயரும் 1818 என்னும் ஆண்டும் பொறித்த ‘அரை அணா’க்கள் பெருவிலைக்கு விற்கப்படுகின்றன.  இவை பிற்காலத்தார் புனைந்த பதக்கங்களேயன்றிக் காசுகள் அல்ல.

காசில் உள்ள ஆண்டும் எப்போதும் அது பிறந்த ஆண்டாகாது. 1790 என்னும் ஆண்டுடைய யூட்ரெக்ற் துட்டுகள் 1840களில் மீண்டும் அடிக்கப்பட்டன. ஒல்லாந்தக் கும்பனியோ 1799ஆம் ஆண்டு முடிவிலேயே மறைந்துவிட்டது. இவை போலியல்ல, ஆயின் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சி 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயரிடம் மாறியதை நினைவிற் கொள்வோர், இத்துட்டு அவ்வாட்சிக்குச் சான்றாகாது என்பதை உணர்வர்.

பழங்காசு உடையோரை விற்கும்படி அழைத்து, இலட்சக்கணக்கான ரூபா தருவதாக ஆசைகாட்டி, வரி என்றும் கட்டணம் என்றும் முன்பணம் பறிப்போரும் இணையத்தில் தோன்றினர். தன் பெயரைப் பயன்படுத்தி இவ்வஞ்சனை நிகழ்வது குறித்து இந்திய ரிசேவ் வங்கி 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. காசு விற்கச் சென்றவன் காசு கட்ட நேர்ந்தால், அங்கு வாணிகம் இல்லை என்பது துணிவு.

சட்டமும் மண்ணும்

இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இவ்விடயத்தை ஆளுகின்றது. 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதிக்கு முற்பட்டவை தொல்பொருள் என அது வரையறுக்கின்றது. மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்குரியது. நிலத்துக்குச் சொந்தக்காரர் என்னும் காரணத்தால் ஒருவர் அதனைத் தமதாக்கிக் கொள்ள இயலாது. உரிய அனுமதிப் பத்திரமின்றித் தொல்பொருளை நாட்டினின்றும் வெளியே கொண்டுசெல்லுதலும் தடுக்கப்பட்டுள்ளது. இவ்வரையறையின்படி சேதுக்காசும் ஒல்லாந்தர் துட்டும் தொல்பொருள்களே. 1870ஆம் ஆண்டின் விக்ரோறியா மகாராணியார் காலத்துச் சதக்காசு அவ்வாறன்று. ஆகவே இலங்கையிலிருந்து நேரே அனுப்பப்படும் பழங்காசினை வாங்குமுன் அனுமதிப் பத்திரம் உண்டா என வினவுதல் வாங்குவோர் கடமை. அஃதில்லாத காசு எத்துணை மலிவாயினும் மலிவன்று.

இச்சட்டத்தின் நோக்கத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். இறுப்பிட்டியில் ஒரு வளவிற் கிணறு வெட்டும்போது ஒரு மட்கலத்தில் முப்பது செப்புக் காசுகள் வெளிப்பட்டன எனக் கொள்க. அவற்றுட் சில சேதுக்காசு, சில பராக்கிரமபாகு காசு, ஒன்று சீனத்துச் சதுரத் துளைக் காசு என்றும் கொள்க. அவை ஒன்றாக இருக்குமட்டும் அவை கூறுவன பல: இம்மூன்று காசுகளும் ஒரே காலத்தில் ஒரே கையிற் புழங்கின; தென்னிலங்கை நாணயம் வடபுலத்திலும் ஏற்கப்பட்டது; புங்குடுதீவில் வாழ்ந்த ஒருவர்க்குக் கடல் வாணிகத் தொடர்பு இருந்தது; அவர் ஏதோ ஓர் அச்சத்தினால் அவற்றைப் புதைத்து, மீண்டும் எடுக்க வாராது போயினர். மட்கலத்தின் வடிவம் காலத்தை மேலும் நெருக்கிக் கூறும்.

அதே முப்பது காசுகளும் பழைய இரும்பு வாங்குவோனிடம் நிறைக்கு விற்கப்பட்டன எனக் கொள்க. மட்கலம் உடைத்து எறியப்பட்டது. காசுகள் நகரத்துக் கடையில் இனம் பிரிக்கப்பட்டன. சேதுக்காசு ஒருவரிடமும் சீனக்காசு மற்றொருவரிடமும் சென்றன. ஈற்றில் அவை இணையத்தில் ‘இலங்கைப் பழங்காசு, நல்ல நிலை’ என்னும் ஒரே வரியோடு தோன்றின. அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கிய அன்பர் மகிழ்வர்; முப்பது காசும் அழியாமல் உலகில் இருக்கும். ஆயின் இறுப்பிட்டி வரலாற்றிலிருந்து ஓர் ஏடு முழுவதும் கிழிந்துவிட்டது. அவ்வேட்டினை எவ்விலை கொடுத்தும் மீண்டும் வாங்குதல் இயலாது.

இது வெறுங் கற்பனை அச்சமன்று. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். தலைமுறை தலைமுறையாகப் பெட்டகத்திலும் கோயிற் பண்டாரத்திலும் காத்துவந்த பொருள்கள் சிதறின. வளவுகள் பற்றை படர்ந்து கிடந்தன. இன்று அவ்வளவுகளிற் சில மீண்டும் திருத்தப்பட்டு வீடுகள் எழுகின்றன, கிணறுகள் இறைக்கப்படுகின்றன, வீதிகள் அகலிக்கப்படுகின்றன. மண் புரளும் ஒவ்வோரிடத்தும் காசு வெளிப்படும் வாய்ப்பு உண்டு. அதே வேளையில் தாயகத்துப் பொருளொன்றைக் கையில் வைத்திருக்க விரும்பும் புலம்பெயர்ந்தோரும் பெருகியுள்ளனர். விற்க வாய்ப்பும் வாங்க விருப்பமும் ஒருங்கே கூடும் இக்காலத்தில் இடமறியாத காசுகள் பெருகும் என்பதில் ஐயமில்லை.

செய்யத்தக்கன

இதற்காகச் சேகரிப்போர் தம் விருப்பத்தைக் கைவிடல் வேண்டும் என்பதன்று. பழைய சேகரங்களிலிருந்து முறையாக விற்பனைக்கு வரும் காசுகள் பிறநாடுகளில் உண்டு. ஒல்லாந்து தேசத்திலும் இங்கிலாந்திலும் நூறாண்டுக்கு முன்னரே சேர்ந்த இலங்கைக் காசுகள் இன்று ஏலத்துக்கு வருகின்றன. அவற்றைத் தமிழர் வாங்கிக் காத்தலும், காலத்தாற் கல்லூரிக்கோ அரும்பொருட்சாலைக்கோ கொடுத்தலும் போற்றத்தக்கன. அவ்வாறு வாங்குவோர், முன்னர் அக்காசு யாரிடம் எந்நாளில் இருந்தது என்னும் குறிப்பினையும் விற்போனிடம் எழுத்திற் பெற்றுக் காசுடன் வைத்தல் வேண்டும். அக்குறிப்புடைய காசு, அஃதில்லாத காசினும் பின்னாளில் மிக்க விலை பெறுவதும் உண்டு. இங்கே அறமும் இலாபமும் ஒருவழிப் படுகின்றன.

ஊரில் இருப்போர் செய்யத்தக்கது இன்னும் எளிது. காசு வெளிப்பட்டால் அதனைப் புளியிட்டுத் துலக்கலாகாது. பச்சைக் களிம்பு போகும்போது எழுத்தும் உடன் போகும். கிடைத்த இடம், ஆழம், உடன் கிடைத்த ஓடு அல்லது எலும்பு ஆகியவற்றை அன்றே எழுதி வைத்தல் வேண்டும். அளவுகோலை அருகில் வைத்து இருபுறமும் படமெடுத்தல் வேண்டும். அதன் பின்னர்த் தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவித்தல் சட்டப்படி செய்யத்தக்கது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தொல்லியல் ஆசிரியர்க்கும் அறிவித்தல் கல்விக்கு நன்மை தரும். கைத்தொலைபேசியிற் படமெடுக்கும் வசதி இந்நாளில் மாணவர் பலரிடமும் உண்டு. ஞானப்பிரகாசரும் இராசநாயக முதலியாரும் இவ்வசதி எதுவுமின்றி, கைக்கெட்டிய சில காசுகளைக் கொண்டே ஓர் அரசின் நாணய வரலாற்றை மீட்டனர். தீவகத்துப் பாடசாலை ஒவ்வொன்றும் தன் ஊரில் வெளிப்பட்ட காசுகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்குமாயின், பத்தாண்டுகளில் அப்பதிவேடுகள் எந்த ஏலக்கடையிலும் கிடையாத செல்வமாகும்.

சேதுக்காசு தன் காலத்தில் ஒரு நாட்கூலிக்கோ ஒரு படி நெல்லுக்கோ மாறியிருக்கலாம். இன்று அதன் விலையை ஏலம் கேட்போர் கூறுவர். அது எவ்வளவில் எந்த ஊரில் எந்தக் கலத்தினுள் கிடந்தது என்பதைக் கூறவல்லார், அதனை முதலில் மண்ணினின்றும் எடுத்தவர் ஒருவரே. அவர் அதனைக் கூறாது விட்டால் பின்வரும் எவரும் கூறுதல் இயலாது.